இழை: ஆப்டோஜெனிடிக்ஸ் ஈ, சிவப்பு எல்இடி பெட்டி, ரெட்டினால் – டெல்டா கல்லூரி லேப்களுக்குள் சுற்றுக்கு விடும்போது கூடவே என்னென்ன போகணும்?

வெண்ணாறு
வணக்கம். திருவாரூர், மன்னார்குடி, தஞ்சாவூர் மூன்று ஊர் விலங்கியல் லேப்களும் சேர்ந்து ஒரே ஆப்டோஜெனிடிக்ஸ் (ஒளியைக் கொண்டு நரம்பை இயக்கும் முறை) தொகுப்பை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதாகத் திட்டம். உள்ளே இருப்பவை: பழ ஈ ஸ்டாக் (தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் ஈ வகை) இரண்டு, எல்இடி பெட்டி ஒன்று, ரெட்டினால் கொஞ்சம். யுஏஎஸ்-சிஎஸ்க்ரிம்சன் ஸ்டாக்கில் சிவப்பு ஒளிக்குத் திறக்கும் புரதத்தின் ஜீன் இருக்கு, ஜிஆர்64எஃப்-கால்4 ஸ்டாக் அந்த ஜீனை இனிப்பு நரம்பில் இயக்கும், இரண்டையும் கலந்து பிறக்கும் ஈதான் சோதனைக்கு. ரெட்டினால் அந்தப் புரதம் ஒளியை உணரத் தேவையான பொருள். எம்.எஸ்சி. மாணவர்களுக்கு ஒரே சோதனைதான். இனிப்பை உணரும் நரம்புகளைச் சிவப்பு ஒளியால் தூண்டினால், நாக்கில் சர்க்கரையே படாமல் ஈ உறிஞ்சுகுழலை நீட்டுகிறதா என்று பார்க்கணும்.

எந்த அலைநீளம் எடுப்பது, ரெட்டினால் எவ்வளவு போடுவது, சித்திரை வெயிலில் ஈக்களை எப்படி அனுப்புவது, அனுமதி யாரிடம் வாங்குவது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். மூன்று இடத்திலும் ஒரே முடிவு வரணும் என்பதுதான் முக்கியம்.

குடமுருட்டி
கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன் சார். ஈயும் பெட்டியும் போனால் மட்டும் பகிர்வு ஆகாது. ஈ உட்காரும் இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது, ரெட்டினாலின் செறிவு எத்தனை மில்லிமோலார், எத்தனை நாள் ஊட்டியது, துடிப்பு எத்தனை மில்லிசெகண்ட் என்ற நாலு எண்ணும் கூடவே போகணும். "சிவப்பு எல்இடி, 3 வாட்" என்று எழுதி அனுப்பினால் அடுத்த ஊரில் அது வேறு சோதனை. 3 வாட் என்பது எல்இடி குடிக்கும் கரண்ட்டின் கணக்கு, ஈயின் மேல் விழும் ஒளியின் கணக்கு இல்லை.

சிஎஸ்க்ரிம்சன் தேர்வு சரியானது. 2005-இல் நரம்பு செல்லில் முதலில் வேலை செய்துகாட்டிய சானல்ரோடாப்சின்-2 (ஒளி பட்டால் திறக்கும் சானல், அதாவது செல்லின் புரத வாசல்) நீல ஒளிக்கு, அதாவது 470 நானோமீட்டருக்குத் திறக்கும். ஈயில் அதற்கு இரண்டு தொல்லை. மேல்தோல் நீலத்தை நிறைய விழுங்கிவிடும், உள்ளே போவது சொற்பம். அதோடு ஈயின் கண்ணுக்கு நீலம் பளிச்சென்று தெரியும். ஈ அசைந்தால், நரம்பைத் தூண்டியதால் அசைந்ததா, வெளிச்சம் கண்டு துள்ளியதா என்று பிரிக்க முடியாது. 2014-இல் வந்த சிஎஸ்க்ரிம்சனுக்கு உச்சம் 590 பக்கம். 617, 627, 660 நானோமீட்டர் எல்லாவற்றிலும் திறக்கும். அந்தச் சிவப்பை ஈயின் கண் மங்கலாகத்தான் காணும். மங்கலாக என்றுதான் சொல்கிறேன், பார்வையே இல்லை என்று சொல்லவில்லை. அதனால் கட்டுப்பாட்டு ஈக்கள் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் ஈக்கள்) இல்லாமல் ஒரு நாளும் ஓட்டக்கூடாது.

மூன்று கட்டுப்பாடு வேணும்: யுஏஎஸ் மட்டும் உள்ள ஈ, கால்4 மட்டும் உள்ள ஈ (இரண்டுக்கும் ரெட்டினாலும் ஒளியும் உண்டு), மூன்றாவதாக இரண்டும் சேர்ந்த ஈ, ரெட்டினால் இல்லாமல். மூன்றாவதில் லேசான பதில் வந்தால் பதறவேண்டாம். மஞ்சள் மக்காச்சோள மாவிலேயே கரோட்டினாய்டு இருக்கு, ஈ அதிலிருந்து கொஞ்சம் ரெட்டினால் செய்துகொள்ளும். எத்தனை ஈ நீட்டியது என்று எண்ணி எழுதுங்கள், மறைக்கவேண்டாம்.

அரசலாறு
ரெட்டினால் கணக்கை நான் எழுதுகிறேன். முழுப்பெயர் ஆல்-டிரான்ஸ்-ரெட்டினால், மூலக்கூறு எடை 284.4. 100 மி.கி. குப்பியில் 3.5 மி.லி. கலப்பில்லாத எத்தனால் விட்டால் 100 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். தண்ணீர் சேர்ந்த எத்தனாலில் சரியாகக் கரையாது, அடியில் மஞ்சள் துகளாக நிற்கும். குப்பியிலேயே கரையுங்கள், நிறுத்து எடுக்கவேண்டாம். திறந்து வைக்கும் ஒவ்வொரு நிமிஷமும் காற்றும் வெளிச்சமும் அதைக் கெடுக்கும்.

கரைத்ததும் 100 மைக்ரோலிட்டராகச் சின்னக் குழாய்களில் பிரித்து, ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் சுற்றி மைனஸ் 20-க்குள் வைத்துவிடணும். ஒரு குழாயை ஒரு முறைதான் வெளியே எடுக்கணும். இங்கே மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று காலையில் கரண்ட்டை எடுத்தால் சாயங்காலம்தான் வரும். அன்று ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள். ஃப்ரீசரின் காலியிடத்தில் உப்புத்தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்கினால் குளிர் தாங்கும்.

உணவில் 0.4 மில்லிமோலார் போதும். 10 மி.லி. உணவுக்கு 40 மைக்ரோலிட்டர். ஒரு 100 மி.கி. குப்பியில் இப்படி 87 குப்பி உணவு தயாராகும். 5 மி.லி. உணவு போட்டால் அதுவே 175 ஆகும். மாணவர் சோதனைக்கு 5 மி.லி. தாராளம்.

கலக்கும் சூட்டில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். 50 டிகிரிக்கு மேல் ஊற்றினால் ரெட்டினால் கெடும், எத்தனாலும் ஆவியாகப் போகும். 40-க்குக் கீழே இறங்கினால் அகார் கட்டத் தொடங்கி, ரெட்டினால் ஒரே இடத்தில் திட்டாக நிற்கும். 45-க்கும் 50-க்கும் நடுவில் ஊற்றி, காற்றுக்குமிழி வராமல் நிதானமாகக் கிளறணும். சரியாகக் கலந்த உணவு முழுக்க ஒரே இளமஞ்சளாக இருக்கும். வெள்ளை, மஞ்சள் என்று கோடு கோடாகத் தெரிந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுங்கள். சில ஈக்கள் தின்னும், சில தின்னாது, முடிவு சிதறும்.

கட்டுப்பாட்டு உணவிலும் அதே 40 மைக்ரோலிட்டர் எத்தனாலைச் சேர்க்கணும், ரெட்டினால் இல்லாமல். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த ஈக்களை இந்த உணவில் இருட்டில் 2 முதல் 3 நாள் விடுங்கள். குப்பியை அலுமினியத் தாளில் சுற்றும்போது பஞ்சு மூடியையும் சேர்த்து மூடணும். மேலே திறந்திருந்தால் டியூப்லைட் வெளிச்சமே அந்தச் சானலைத் திறந்துகொண்டிருக்கும்.

கோரையாறு
அக்கா, அடிப்படை உணவின் அளவையும் போட்டுவிடுங்கள். மூன்று லேபிலும் மூன்று விதமாகக் காய்ச்சினால் வம்பு.

அரசலாறு
சரி தம்பி. ஒரு லிட்டருக்கு மக்காச்சோள மாவு 80 கிராம், சர்க்கரை 40, குளுக்கோஸ் 20, ஈஸ்ட் 15, அகார் 8. முதலில் அகாரைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, பிறகு மாவைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, அடி பிடிக்காமல் கிளறணும். அடி பிடித்த உணவில் புழு சரியாக வளராது. 60 டிகிரிக்கு ஆறியதும் புரோப்பியோனிக் அமிலம் 4 மி.லி., 5 மி.லி. எத்தனாலில் கரைத்த மெத்தில் பாராபென் 1 கிராம். கொதிக்கக் கொதிக்க அமிலத்தை ஊற்றினால் அது ஆவியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலாம் நாளே வெள்ளைப் பூஞ்சணம் படர்வதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

கொள்ளிடக்கரை
பெட்டிக்கு வருவோம். 617 அல்லது 627 நானோமீட்டர், 3 வாட் ஸ்டார் எல்இடி நாலு, தொடராக. ஒவ்வொன்றும் சுமார் 2.2 வோல்ட் எடுக்கும், நாலுக்கு 8.8. 350 மில்லிஆம்ப் கரண்ட்டை மாறாமல் தரும் டிரைவர் ஒன்றும் 12 வோல்ட் அடாப்டர் ஒன்றும் போதும். பின்னாளில் பச்சை, நீலம் மாட்ட ஆசை வந்தால் அவை ஒவ்வொன்றும் 3 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். நாலு தொடரில் போட்டால் 12 வோல்ட் பத்தாது. ஒரு நாள் எரிந்து மறுநாள் மங்கும், எல்லோரும் எல்இடி கெட்டது என்று நினைப்பார்கள். 24 வோல்ட் அடாப்டர் போடுங்கள்.

ரெசிஸ்டர் மட்டும் வைத்து ஓட்டவேண்டாம். சிவப்பு எல்இடி சூடேறினால் அதே கரண்ட்டிலும் வெளிச்சம் குறையும், அலைநீளமும் கொஞ்சம் நீண்டுபோகும். தஞ்சாவூரில் மே மாதம் 38 டிகிரி அறையில் மூடிய பெட்டிக்குள் இது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். நாலு எல்இடியையும் ஒரே அலுமினியத் தட்டில் வெப்பப் பசை தடவித் திருகணும். தட்டின் பின்பக்கம் 12 வோல்ட் விசிறி ஒன்று வையுங்கள், காற்று வெளியே போகணும், ஈயின் மேல் அடிக்கக்கூடாது. அளவு எடுப்பது எரியவிட்டு 10 நிமிஷம் கழித்து, மூடியைச் சாத்திய நிலையில்.

ஆர்டுயினோவிலிருந்து (சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை) மாஸ்ஃபெட் (மின் சுவிட்சாக வேலை செய்யும் பாகம்) வழியாக அணைத்து ஏற்றுவதானால் ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள். கடையில் ஐஆர்எஃப்540 எடுத்துக் கொடுப்பார்கள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதன் கேட்டில் (சுவிட்சைத் திறக்கும் கால்) 5 வோல்ட் கொடுத்தால் முழுசாகத் திறக்காது, பாதி திறந்து சூடாகும். கேட்டுக்கும் தரைக்கும் நடுவில் 10 கிலோஓம் ரெசிஸ்டர் கட்டாயம். ஆர்டுயினோ ரீசெட் ஆகும் கணத்தில் அதன் பின்கள் எதற்கும் கட்டுப்படாமல் மிதக்கும். அந்த 10 கிலோஓம் இல்லையென்றால் யூஎஸ்பி செருகும்போதெல்லாம் எல்இடி ஒரு தடவை பளிச்சிடும். இருட்டில் மூன்று நாள் வைத்த ஈக்கு அது இலவசத் தூண்டல். வெளிச்சத்தைக் குறைக்கும் டிம் பின் உள்ள டிரைவர்களிலும் இதே கதைதான். பலவற்றில் டிம் பின்னைச் சும்மா விட்டால் முழு வெளிச்சத்தில் எரியும்.

எல்இடிக்கும் ஈக்கும் இடையில் 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக் தகடு. அது இல்லாவிட்டால் நடுவில் வெளிச்சம் குவிந்து ஓரம் இருட்டாகும்.

பாமணியாறு
அளவு எடுக்க எங்கள் பக்கம் லக்ஸ் மீட்டர் இருக்கிறது. மூன்று இடத்திலும் ஒரே லக்ஸ் வரும்படி வைத்துக்கொண்டால் போதாதா? ஒளியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் விலை கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது.

குடமுருட்டி
அது ஆகாது சார். லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் கணக்கு. 620 நானோமீட்டரில் சதுர மீட்டருக்கு 1 வாட் ஒளி விழுந்தால் சுமார் 260 லக்ஸ் காட்டும். அதே 1 வாட் 660 நானோமீட்டராக இருந்தால் சுமார் 42 லக்ஸ்தான். மன்னார்குடியில் 620 எல்இடி, திருவாரூரில் 660 எல்இடி என்று வைத்து லக்ஸைச் சமமாக்கினால், திருவாரூர் ஈயின் மேல் ஆறு மடங்கு ஒளி விழும். மலிவான லக்ஸ் மீட்டர்களின் வடிகட்டி சிவப்பு ஓரத்தில் சரியாகவும் இருக்காது.

அலகிலும் வழுக்கல் நிறைய. நரம்பியல் கட்டுரைகள் சதுர மி.மீ.க்கு மில்லிவாட் என்று எழுதும், பாக்டீரியாக் கட்டுரைகள் சதுர செ.மீ.க்கு மைக்ரோவாட் என்று எழுதும். சதுர மி.மீ.க்கு 0.05 மில்லிவாட் என்பதே சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட், சதுர மீட்டருக்கு 50 வாட். நூறால் பெருக்கவேண்டிய இடத்தில் பத்தால் பெருக்கிவிட்டு ஈயைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கும்.

இன்னொன்று, சராசரியும் உச்சமும். 40 ஹெர்ட்ஸில் 5 மில்லிசெகண்ட் துடிப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் எல்இடி எரிகிறது. மீட்டர் காட்டுவது சராசரி. 0.02 காட்டினால் உச்சம் 0.1. இரண்டையும் எழுதணும். எது எது என்றும் எழுதணும்.

கொள்ளிடக்கரை
விலைக்கு வழி இருக்கு. பவர் மீட்டர் ஒரு நாள் இரவல் கிடைத்தால் போதும். அதன் தலையில் 9.5 மி.மீ. துளை என்றால் பரப்பு 70.9 சதுர மி.மீ. அலைநீளத்தை 617-க்கு மாற்றிக்கொண்டு (532-இலேயே விட்டுவிட்டால் தவறாகக் காட்டும்) படிக்கணும். 3.5 மில்லிவாட் காட்டினால் சதுர மி.மீ.க்கு 0.05.

அன்றே ஒரு பிபிடபிள்யூ34 ஃபோட்டோடையோடை (ஒளிக்கேற்பக் கரண்ட் விடும் சின்னப் பாகம்) அளவுகோலாக்கிவிடுங்கள். அதன் உணர்பரப்பு 7.5 சதுர மி.மீ. 5 வோல்ட் பின்சார்பு (தலைகீழ் இணைப்பு) கொடுத்து, தொடரில் 1 கிலோஓம் வைத்து, அந்த ரெசிஸ்டரின் இரு முனையில் மல்டிமீட்டர். 0.05 வெளிச்சத்தில் சுமார் 150 மில்லிவோல்ட் வரும். சரியான எண்ணை மீட்டரோடு ஒப்பிட்டு, டையோடு ஒட்டிய அட்டையின் பின்னாலேயே எழுதிவிடணும். கரண்ட் இருட்டில் ஒன்றுமில்லாமலும் ஒளிக்கு நேர்விகிதமாகவும் ஏறுவதால் ஒரே புள்ளியில் ஒப்பிட்டாலும் போதும், மூன்று புள்ளி நல்லது. அந்த அட்டை பெட்டியோடவே ஊர் ஊராகப் போகட்டும். ஒவ்வொரு லேபும் பெட்டியை வாங்கியதும் முதல் வேலையாக ஒன்பது இடத்தில் வைத்துப் படித்து எழுதணும். மூலைக்கும் நடுவுக்கும் பத்துச் சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் எல்இடி தட்டை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்குங்கள்.

டையோடு சாய்ந்து உட்கார்ந்தால் எண் குறையும். அட்டையைப் படிந்து வையுங்கள்.

பாமணியாறு
தெளிவாகிவிட்டது, நன்றி. லக்ஸ் யோசனையை விட்டுவிடுகிறேன். தொடக்க அளவு என்ன வைப்பது?

குடமுருட்டி
சதுர மி.மீ.க்கு 0.005, 0.01, 0.02, 0.05, 0.1 மில்லிவாட் என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் எத்தனை ஈ நீட்டுகிறது என்று வரைபடம் போடுங்கள். மூன்று ஊரும் இந்த வரைபடத்தைத்தான் ஒப்பிடணும், ஒற்றை எண்ணை இல்லை. வளைவு ஒரே வடிவில் வலப்பக்கம் தள்ளிப்போயிருந்தால் ஒளி அளவில் அல்லது ரெட்டினாலில் பிழை. வளைவின் உச்சியே தாழ்ந்திருந்தால் ஈயின் வயது, பட்டினி, ஒட்டிய விதம் இவற்றைப் பாருங்கள்.

திருமலைராஜன்
ஒட்டும் முறையை யாரும் தொடவில்லை. அதில்தான் பாதி நாள் வீணாகும்.

5 முதல் 7 நாள் வயதுப் பெண் ஈக்கள். முந்தின நாள் சாயங்காலமே ஈர டிஷ்யூ வைத்த காலிக் குப்பிக்கு மாற்றி 18 முதல் 24 மணி நேரம் பட்டினி, இருட்டில். டிஷ்யூ சொட்டச் சொட்ட இருந்தால் இறக்கை ஒட்டிக்கொண்டு ஈ செத்துப்போகும், காய்ந்தால் தாகத்தில் செத்துப்போகும். பிழிந்தால் ஒரு துளி வருகிற ஈரம் வேணும்.

மயக்குவதற்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டாம், ஐஸ் மேல் வைத்த குப்பி போதும், அதுவும் சில நிமிஷம்தான். கண்ணாடித் தகட்டில் நகப்பூச்சு ஒரு சின்னப் பொட்டு வைத்து, அது பிசுபிசுப்புக்கு வரும்வரை பொறுத்து, ஈயின் முதுகை அதில் பதியவைக்கணும். பொட்டு நீர்த்திருந்தால் கழுத்து வரை ஏறிவிடும், பிறகு தலையே அசையாது. ஈரத் துணி போட்ட டப்பாவில் ஒன்று, இரண்டு மணி நேரம் தெளியவிடுங்கள், 25 டிகிரியில். வெளியே 36 டிகிரி அறையில் வைத்தால் சோதனை தொடங்குமுன்பே ஈ வற்றிப்போகும்.

முதலில் தண்ணீர் காட்டுங்கள், வேண்டுமளவு குடிக்கட்டும். தண்ணீருக்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஈயைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு ஒளி: 1 செகண்ட் தூண்டல், ஒரு நிமிஷ இடைவெளி, ஒவ்வொரு ஈக்கும் மூன்று முறை. முழுசாக நீட்டினால் 1, பாதி என்றால் 0.5, இல்லையென்றால் 0. கடைசியில் 500 மில்லிமோலார் சர்க்கரைத் தண்ணீரை (100 மி.லி.க்கு 17.1 கிராம்) முன்னங்காலில் தொடுங்கள். அதற்கும் நீட்டாத ஈ ஏற்கெனவே சோர்ந்துபோன ஈ. அதன் பூஜ்யம் நரம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது, நீக்கிவிடணும். எத்தனை நீக்கினோம் என்ற எண் மட்டும் தாளில் இருக்கணும்.

சரியாக வேலை செய்யும்போது பார்க்கவே அழகு. ஒளி விழுந்த மறுகணம் தலைக்குக் கீழே மடிந்திருந்த குழல் யானைத் துதிக்கை மாதிரி நீண்டு, நுனியின் இரண்டு மடல்களும் விரியும். ஒளி போனதும் சுருங்கிக்கொள்ளும்.

வெண்ணாறு
இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. ஈக்களை அனுப்புவது பற்றி?

அரசலாறு
ரயிலே நல்லது. தஞ்சாவூர்–திருவாரூர் பாதையில் நீடாமங்கலத்தில் மன்னார்குடிக் கிளை பிரிகிறது, மூன்று ஊருக்கும் அதுதான் நடுப்புள்ளி. காலை முதல் வண்டியில் ஒருவர் கையில் கொண்டுவந்து அங்கே கொடுத்துவிடலாம். கூரியரில் போட்டால் மதியம் முழுக்க தகரக் கொட்டகையில் கிடக்கும். 30 டிகிரிக்கு மேல் போனாலே ஆண் ஈக்கள் மலடாகும். வந்து சேர்ந்தபோது உயிரோடு இருந்தும் அடுத்த தலைமுறை வராததற்குக் காரணம் இதுதான். பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

அனுப்பும் உணவில் அகாரை லிட்டருக்கு 10 கிராமாக ஏற்றுங்கள், குலுங்கினாலும் பெயராது. குப்பிக்கு 20, 30 ஈ போதும். தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பொட்டலத்தைச் செய்தித்தாள் நாலு சுற்றுச் சுற்றி வைக்கணும். நேராகக் குப்பியில் பட்டால் உள்பக்கம் வியர்த்து ஈக்கள் அந்த நீரிலேயே ஒட்டிச் சாகும்.

வந்ததும் மற்ற ஸ்டாக்கோடு சேர்க்காமல் ஒரு தலைமுறை தனியாக வைத்து உண்ணி இருக்கிறதா பாருங்கள். குப்பிச் சுவரில் வெள்ளைப் பொடி நகர்கிற மாதிரி தெரிந்தால் உண்ணி. இன்னொரு ஆபத்து, நம் ஊர்க் காட்டு ஈக்கள். வாழைத்தாரும் வாழைப்பழமும் எங்கும் உள்ள ஊர் இது. பஞ்சு மூடி தளர்ந்தால் உள்ளே புகுந்துவிடும். இந்த ஸ்டாக்குகளின் கண் நிறம் ஆரஞ்சோ வெளிறிய சிவப்போ இருக்கும், காட்டு ஈக்குச் செங்கல் சிவப்பு. குப்பி மாற்றும்போதெல்லாம் கண்ணைப் பாருங்கள்.

ஒவ்வொரு ஸ்டாக்கும் இரண்டு ஊரில் இருக்கணும். ஒரு இடத்தில் 25 டிகிரியில் வேலைக்கு, இன்னொரு இடத்தில் 18 டிகிரியில் சேமிப்புக்கு. 25-இல் முட்டையிலிருந்து ஈ வர பத்து நாள், 18-இல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் குப்பி மாற்றும் வேலையும் பாதி.

வீரசோழன்
அனுமதி: இவை மரபணு மாற்றிய உயிரிகள், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 1989 விதிகளுக்குள் வருபவை. மூன்று கல்லூரியும் தனித்தனியாக உயிரிப் பாதுகாப்புக் குழுவில் வைத்து ஒப்புதல் வாங்கணும். தஞ்சாவூர் வாங்கிய ஒப்புதல் மன்னார்குடிக்குச் செல்லாது. வேலை முடிந்த குப்பிகளை ஃப்ரீசரில் உறையவைத்தோ ஆட்டோகிளேவ் செய்தோதான் கொட்டணும் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஸ்டாக் மையம் கொடுத்த ஈயை அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்பது ஸ்டாக்குக்கு ஸ்டாக் மாறும், அதன் பக்கத்தில் உள்ள நிபந்தனையைப் படியுங்கள். பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) விஷயத்தில் கண்டிப்பு அதிகம். ஆட்ஜீன் போன்ற பிளாஸ்மிட் களஞ்சியத்திலிருந்து பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் வாங்கியதை, கொடுத்தவரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் பக்கத்து லேபுக்குத் தரக்கூடாது. ஒவ்வொருவரும் தன் பெயரில் கேட்டு வாங்கணும். சீக்வென்ஸ், வரைபடம், செய்முறை இவற்றைப் பகிரத் தடையில்லை.

பின்னால் எலி, வைரஸ் என்று போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏஏவி (ஜீனைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வைரஸ்) பிளாஸ்மிட்டில் ஜீனின் இரு பக்கமும் உள்ள ஐடிஆர் பகுதி (வைரஸ் உருவாகத் தேவையான டிஎன்ஏ) சாதாரணப் பாக்டீரியாவில் உதிர்ந்துபோகும். ஸ்டேபிள்-3 மாதிரி டிஎன்ஏ மறுசேர்க்கை குறைந்த பாக்டீரியா ரகத்தில், 30 டிகிரியில் வளர்க்கணும். ஒவ்வொரு தயாரிப்பையும் எஸ்எம்ஏ-1 நொதியால் வெட்டிப் பார்க்கணும், அதற்கு 25 டிகிரி. ஐடிஆர் போயிருந்தால் ஜெல்லில் எதிர்பார்த்த பட்டை வராது. அப்படிப்பட்ட டிஎன்ஏவைப் பகிர்ந்தால் வாங்கியவர் பல மாதம் வைரஸ் வரவில்லை என்று தேடுவார்.

கோரையாறு
ஈ வசதியே இல்லாத கல்லூரிக்கு ஏதாவது வழி உண்டா?

வீரசோழன்
ஈ.கோலை பாக்டீரியாவில் பிடான் என்ற பிளாஸ்மிட். 2012-இல் வெளிவந்தது. நீல ஒளி பட்டால் ஜீன் திறக்கும், இருட்டில் மூடியிருக்கும். ஒளியை உணர்வது ஃபிளேவின், அதைப் பாக்டீரியாவே செய்துகொள்ளும், ரெட்டினால் வாங்கவேண்டியதில்லை. கனமைசின் (ஆன்டிபயாடிக்) தட்டு, 470 எல்இடி, அலுமினியத் தாள் போதும். ஆனால் நிறம் காட்டும் ஜீனை அதன் காலியிடத்தில் நாம் க்ளோன் செய்து வைக்கணும். ஒளியைக் கூட்டினால் நிறம் கூடும் என்று நினைத்து நீலத்தை ஏற்றாதீர்கள், அளவுக்கு மிஞ்சிய நீலம் செல்லையே வாட்டும்.

பாமணியாறு
அடுத்த கட்டமாக நரம்பை அணைக்கும் கருவியும் சேர்க்கலாமா? ஜிடிஏசிஆர்-1 நல்லது என்கிறார்கள்.

குடமுருட்டி
நல்லதுதான், மிகக் குறைந்த பச்சை ஒளியிலேயே வேலை செய்யும், உச்சம் 515. ஆனால் அது குளோரைடு சானல். செல் உடலில் அணைக்கும். ஆக்ஸான் (நரம்பு செல்லின் நீண்ட இழை) முனையில் உள்ளே குளோரைடு அதிகம் இருந்தால் அணைப்பதற்குப் பதில் தூண்டிவிடலாம். 2022-இல் வெளிவந்த எச்சிகேசிஆர்-1 பொட்டாசியத்தை வெளியே விடும் சானல், உச்சம் 540. செல்லின் இயல்பான அணைப்பு வழியே அதுதான் என்பதால் அந்தச் சிக்கல் குறைவு. இரண்டுக்கும் பச்சை எல்இடி ஒன்றே போதும். பச்சை ஈயின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் கட்டுப்பாட்டு ஈக்கள் இன்னும் முக்கியம்.

எந்த நரம்பைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இப்போது பணமே வேண்டியதில்லை. 2024-இல் முழுவளர்ச்சி ஈயின் மூளை வரைபடம் முழுதாக வெளிவந்தது, 1,39,255 நரம்புகள். புழுவின் மூளை 2023-இல் வந்தது, 3,016 நரம்புகள். இரண்டும் யாருக்கும் திறந்தவை. மன்னார்குடியில் உட்கார்ந்து இனிப்பு நரம்பு ஒன்றைச் சொடுக்கி, அது அடுத்து எதைத் தொடுகிறது என்று பார்த்துவிட்டு, அந்த இரண்டாம் நரம்புக்கான கால்4-ஐக் கேட்டு வாங்கலாம். மாணவர்களுக்கு இதை முதல் வாரமே திறந்து காட்டுங்கள் சார்.

கொள்ளிடக்கரை
படம் பிடிப்பது பற்றி ஒன்று விட்டுப்போனது. கேமராவுக்கு 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, லென்ஸ் முன்னால் அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டி. அப்போது சிவப்புத் தூண்டல் படத்தில் தெரியவே தெரியாது, எந்த ஃபிரேமில் ஒளி வந்தது என்றும் தெரியாது. மாஸ்ஃபெட் கேட்டுக்குப் போகும் அதே ஆர்டுயினோ பின்னிலிருந்து 220 ஓம் வழியாக ஒரு சின்ன அகச்சிவப்பு எல்இடி இழுத்து, ஃபிரேமின் மூலையில் நிறுத்துங்கள். தூண்டல் வரும்போது மூலையில் வெள்ளைப் புள்ளி வரும். கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்துவிடணும், இல்லையென்றால் அந்தப் புள்ளி வரும்போதெல்லாம் படம் முழுக்க இருளும்.

வெண்ணாறு
பெட்டியின் உள்பக்கம் கறுப்புத் துணி ஒட்டியிருக்கிறோம். ஆனால் கேமராவில் சாம்பல் வெள்ளையாகத் தெரிகிறது. ஈ அதில் கலந்து காணாமல் போகிறது.

கொள்ளிடக்கரை
பல கறுப்புச் சாயங்கள் நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. 850-இல் துணி அப்படியே ஒளியைத் திருப்பி அனுப்பும். கார்பன் கலந்த பெயிண்டோ, கறுப்பு ஃபோம் தகடோ வாங்கிப் பாருங்கள். வாங்குமுன் கடையிலேயே சோதிக்கலாம்: டிவி ரிமோட்டை அந்தப் பரப்பில் காட்டி அழுத்திக்கொண்டே செல்போனின் முன் கேமராவில் பாருங்கள். பரப்பில் வெளிச்சப் பொட்டு தெரிந்தால் அது வேண்டாம்.